கிடைக்கிற சில்லுக்கு வண்டியைக் கட்டுவோம்

யாழ்ப்பாணத்தில் கார்ட் வண்டிக்கு ஸ்புரொக்கட் வாங்க ஏலாது. ஸ்ரான்லி வீதிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கலாம். சுன்னாகத்தில் பழைய இரும்புக் குவியலைக் கிளறலாம். இரவு பஸ் பிடித்துக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கே போகலாம். பெரும்பாலும் வெறுங்கையோடதான் திரும்பி வருவீர்கள். இதை முதலே சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் இந்த ஒரு சாமானுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் வீட்டுக் கோடிக்குள் கறள் பிடித்துக் கிடக்கும் கார்ட் சட்டங்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

தெரியாதவர்களுக்கு: கார்ட் என்பது இரும்புக் குழாயை வெல்டிங் பண்ணி, நாலு சின்னச் சில்லு பூட்டி, பின்னுக்கு ஒரு எஞ்சினை வைத்து ஓடுகிற தாழ்ந்த வண்டி. எஞ்சினில் ஒரு சின்னப் பற்சில்லு, பின் அச்சில் ஒரு பெரிய பற்சில்லு, இரண்டையும் இணைக்க ஒரு செயின். அந்தப் பற்சில்லைத்தான் ஸ்புரொக்கட் என்கிறோம். சட்டம் அடிக்க வெல்டிங் கடை ஒவ்வொரு சந்தியிலும் இருக்கு. எஞ்சின் கிடைக்கும். சீற்றுக்குப் பழைய பிளாஸ்ரிக் கதிரையே காணும். எல்லாம் முடிந்து, வண்டி நிற்பது இந்த இடத்தில்தான்.

எங்கட கருத்து இதுதான்: இல்லாத ஸ்புரொக்கட்டைத் தேடுவதை விட்டுவிட வேண்டும். கிடைக்கிற ஸ்புரொக்கட்டை முதலில் கையில் எடுத்து, அதைச் சுற்றி வண்டியைக் கட்ட வேண்டும். கேட்கச் சின்ன விசயம் மாதிரி இருக்கும். ஆனால் எங்கட தலைமுறை எதையாவது செய்யத் தொடங்கிப் பாதியில் விடுவதற்கான காரணம் இதற்குள்ளேதான் இருக்கு என்று நினைக்கிறோம்.

“என்ன பைக்குக்குத் தம்பி?”

உதிரிப்பாகக் கடையில் நடக்கிற உரையாடல் எப்பவும் ஒரே மாதிரித்தான்.

“அண்ணை, ஸ்புரொக்கட் இருக்கோ?”

“என்ன பைக்குக்குத் தம்பி?”

“பைக்குக்கு இல்லை அண்ணை, கார்ட்டுக்கு.”

“அது இஞ்ச இல்லை. கொழும்பில கேட்டுப் பாருங்கோ.”

அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் சுவரில், பொலித்தீன் பைக்குள், வரிசையாகத் தொங்குவது எல்லாம் ஸ்புரொக்கட்தான். கடைக்காரர் சாமானை அடுக்கி வைத்திருப்பது மோட்டார் சைக்கிளின் பெயரால். இந்த பஜாஜ், இந்த ஹீரோ ஹொண்டா, இந்த யமஹா என்று. நாங்கள் கேட்டது அவரிடம் இல்லாத ஒரு பெயர். எத்தனை பல்லு, எந்தச் செயின், நடு ஓட்டை எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

அப்படிக் கேட்க, செயினில் குத்தியிருக்கும் இலக்கத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். இது பெரிய வித்தை இல்லை. எங்கட வீதிகளில் ஓடும் இந்திய 100 சிசி மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது 428 செயின். முதல் இலக்கம் 4 என்றால், ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம் அங்குலத்தின் எட்டில் நாலு பங்கு. அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. 520, 530 என்று 5இல் தொடங்கினால் எட்டில் ஐந்து, 15.875 மி.மீ. பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கானது அது. 420 செயினும் அரை அங்குலம்தான், ஆனால் 428ஐ விட ஒடுக்கம். இலக்கம் அழிந்து போயிருந்தால் பத்துக் கண்ணியை நேராக இழுத்து வைத்து அளந்து பாருங்கள். 127 மி.மீ. வந்தால் அரை அங்குலச் செயின். 128ஐத் தாண்டினால் அது அரை அங்குலச் செயின்தான், ஆனால் தேய்ந்து நீண்டுவிட்டது. வாங்க வேண்டாம்.

சைக்கிள் செயினும் அரை அங்குலம்தானே என்று கேட்பீர்கள். ஓம், தூரம் ஒன்றுதான். ஆனால் சைக்கிள் செயினின் உள் அகலம் 3 மி.மீ. சொச்சம். 428இன் உள் அகலம் ஏறக்குறைய 8 மி.மீ. உருளையின் விட்டமும் வேறு: 428இல் 8.51 மி.மீ., சைக்கிளில் 7.75 மி.மீ. சைக்கிள் பற்சில்லில் மோட்டார் சைக்கிள் செயினைப் போட்டால் பார்வைக்குப் பொருந்தும், ஆனால் இரண்டு பக்கமும் ஆடும். எஞ்சின் இழுக்கிற இழுவைக்குத் தகடும் தாங்காது. “பொருந்துது” என்பதும் “சரி” என்பதும் ஒன்றில்லை.

படம் எங்கேயிருந்து வந்தது?

எங்கட பெடியள் தேடுகிற ஸ்புரொக்கட் ஏன் இங்கே இல்லை? அவர்கள் பார்க்கிற படம் இங்கே வரையப்பட்டதில்லை. யூரியூப்பில் கார்ட் கட்டிக் காட்டுபவர்களில் பலர் அமெரிக்கர்கள். அவர்கள் ஒரு அங்குல அச்சு, 35ஆம் இலக்கச் செயின், 60 அல்லது 72 பல்லுச் சில்லு என்று சொல்வார்கள். அங்கே அது சாதாரணமாகக் கடையில் வாங்குகிற சாமான். பந்தயக் கார்ட் என்றால் 219 என்ற செயின்: ஒரு பின்னிலிருந்து அடுத்ததற்கு 7.774 மி.மீ.தான். இலங்கையில் கார்ட் ஓட்டத்துக்கென்று தடம் இருக்கிற பண்டாரகமைப் பக்கம் அதற்குத் தேவை இருக்கும். குடாநாட்டில் அதை எந்தக் கடைக்காரர் வாங்கி வைத்து யாருக்கு விற்பார்?

ஆனால் அந்த அமெரிக்கர்களின் முதல் கார்ட் எப்படி வந்தது என்று பாருங்கள். 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் அதைக் கட்டினார். பந்தயக் கார் செய்யும் பட்டறையில் வேலை செய்தவர். அவர் கார்ட் எஞ்சின் என்று ஒன்றைத் தேடிப் போகவில்லை, அப்படி ஒன்று உலகத்தில் இருக்கவும் இல்லை. புல்லு வெட்டும் மிசினுக்கென்று செய்து விற்காமல் மிஞ்சிய சின்ன எஞ்சின்கள் அவரது ஊரில் மலிவாகக் கிடைத்தன. அதில் ஒன்றை எடுத்து அதற்கேற்ற வண்டியைச் செய்தார். கார்ட்டுக்கென்று தனிச் செயினும் தனிச் சில்லும் அதற்குப் பிறகு வளர்ந்த தொழில். நாங்கள் அவரது வண்டியைப் பிரதி பண்ணுகிறோம், அவரது வழியைப் பிரதி பண்ணவில்லை.

எங்களுக்குக் கிட்டவே இன்னொரு உதாரணம் இருக்கு. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். இந்தியாவில் பந்தயக் கார் என்றால் வெளிநாட்டிலிருந்து பெரும் காசு கொடுத்து இறக்குவது என்று இருந்த காலத்தில், 1988இல், ‘ஃபோர்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைக் காரைக் கொண்டு வந்தார். எஞ்சின் மாருதி 800 உடையது. மாருதி 800 அப்போது இந்தியா முழுக்க ஓடிய கார், அதன் சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். பந்தயத்தில் ஏதாவது உடைந்தால் அடுத்த தெருவில் வாங்கலாம். பிறகு 2005இல் ஃபோர்முலா வன்னில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், அவரும் கோயம்புத்தூர்தான், தொடக்கத்தில் ஓட்டியது அந்த ஃபோர்முலா மாருதியைத்தான். கோயம்புத்தூரில் இன்று இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவரது பெயரைத் தாங்கியது.

இங்கெல்ஸும் கரிவரதனும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்கட ஊரில் எது நிறையக் கிடைக்கிறது?

60 பல்லு யாருக்குத் தேவை?

அந்தக் கேள்வியை இப்ப யாழ்ப்பாணத்தில் கேட்போம். நிறையக் கிடைப்பது 100 சிசி மோட்டார் சைக்கிளின் சாமானும், முச்சக்கர வண்டியின் ரயரும். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் பார்த்தால், 60 பல்லுச் சில்லின் தேவையே இல்லாமல் போய்விடுகிறது.

60 பல்லு ஏன் வந்தது? யூரியூப் கார்ட்டில் இருப்பது தண்ணி இறைக்கிற மிசின் மாதிரியான எஞ்சின். கியர் கிடையாது. நிமிடத்துக்கு 3600 சுற்று வரை சுற்றும். அந்த வேகத்தை ஒரேயடியாகக் குறைக்க வேண்டும். முன்னுக்கு 10 பல்லு, பின்னுக்கு 60 பல்லு என்றால் ஆறில் ஒன்று: பின் அச்சு 600 சுற்று. 28 செ.மீ. விட்டமுள்ள கார்ட் ரயர் ஒரு சுற்றில் 88 செ.மீ. போகும். மணிக்கு 32 கி.மீ. அளவில் ஓடும். பின்னுக்கு 42 பல்லு போட்டால் கணக்குப்படி 45 வரும், ஆனால் நின்ற இடத்திலிருந்து ஆளை ஏற்றிக்கொண்டு இழுக்கத் திணறும், கிளச் எரியும்.

மோட்டார் சைக்கிள் எஞ்சினில் இந்தக் கஷ்டமே இல்லை. வேகத்தைக் குறைக்கிற வேலையில் பெரும்பங்கை எஞ்சினுக்குள் இருக்கிற கியர்களே செய்துவிடும். கிளச்சும் உள்ளேயே இருக்கு. முன் ஸ்புரொக்கட் எஞ்சினோடயே வரும். பின்னுக்கு அதே மோட்டார் சைக்கிளின் நாற்பதைச் சுற்றிய பல்லுள்ள சில்லைப் போட்டால் போதும். மோட்டார் சைக்கிளின் பின் ரயர் ஏறக்குறைய 60 செ.மீ. விட்டம். முச்சக்கர வண்டியின் 4.00–8 ரயர் ஏறக்குறைய 40 செ.மீ. மோட்டார் சைக்கிள் 60இல் ஓடும் அதே கியரில், அதே எஞ்சின் சத்தத்தில், உங்கட கார்ட் 40இல் ஓடும். இழுவை ஒன்றரை மடங்காகும். வீட்டில் கட்டிய வண்டிக்கு இதுதான் வேண்டியது.

நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் பாருங்கள். அரை அங்குலச் செயினில் 60 பல்லு என்றால் சில்லின் விட்டம் மட்டும் 24 செ.மீ.க்கு மேல். 28 செ.மீ. ரயரோடு பூட்டினால் பல்லுக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் சொச்சம்தான் மிஞ்சும். முதல் கல்லிலேயே செயின் போய்விடும். அதனால்தான் பந்தயக் கார்ட்காரர் நுணுக்கமான 219 செயினுக்குப் போனார்கள். அதில் 60 பல்லு 15 செ.மீ.க்குள் அடங்கும். 428இல் 42 பல்லு 17 செ.மீ. முச்சக்கர வண்டி ரயரோடு போட்டால் பல்லுக்கும் நிலத்துக்கும் இடையில் 11 செ.மீ. கிடைக்கும். எங்கட செம்மண் ஒழுங்கையில் ஓட அது காணும்.

தண்ணி இறைக்கிற மிசினைத்தான் பயன்படுத்துவேன் என்று நிற்பவர்களுக்கு இரண்டு சொல்லு. முதலாவது, வெங்காயத்துக்குத் தண்ணி விடுகிற மிசினைக் கழற்றி அப்பாவிடம் வாங்கிக் கட்டாதேயுங்கோ. இரண்டாவது, அச்சை வடிவாகப் பாருங்கள். ஒரே மாதிரித் தெரிகிற எஞ்சின்களில் சிலதின் அச்சு 19.05 மி.மீ., சிலது 20 மி.மீ. பம்போடு ஒட்டி வருகிற எஞ்சின்கள் பலவற்றில் அச்சில் மரை வெட்டியிருக்கும், சாவி போடும் கீவே இருக்காது. அதில் ஸ்புரொக்கட் பூட்டுவது தனி வேலை.

பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் வாங்குகிறவர்கள் எஞ்சின் இலக்கத்துக்கான ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். மலிவு என்று களவு பைக்கின் எஞ்சினைத் தலையில் கட்டிக்கொண்டால் பொலிஸ் நிலையத்தில்தான் கார்ட் ஓடும்.

மிஞ்சுவது ஒரே ஒரு சாமான்

இப்படிப் பார்த்தால் முன் ஸ்புரொக்கட், பின் ஸ்புரொக்கட், செயின் மூன்றும் சுவரில் தொங்குகிற சாமான்கள். அச்சைத் தாங்கும் பெயாரிங் அரிசி ஆலைக்கும் அரைக்கும் மிசினுக்கும் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். 25 மி.மீ. அச்சுக்கு யூசிபி 205 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கடையில் வாங்க ஏலாதது ஒன்றே ஒன்று: மோட்டார் சைக்கிளின் பின் ஸ்புரொக்கட்டை எங்கட அச்சில் பிடித்து வைக்கும் குடம். அதை லேத்தில் கடைந்துதான் எடுக்க வேண்டும்.

பலர் இந்தக் குடத்தைச் செய்யாமல், ஸ்புரொக்கட்டை நேரே அச்சில் வைத்து வெல்டிங் பண்ணிவிடுகிறார்கள். இது விசர் வேலை. சூட்டில் தகடு வளையும், சுற்றும்போது தள்ளாடும், செயின் கழரும். பல்லு தேய்ந்தால் அச்சையே வெட்டி எறிய வேண்டும். பல்லின் எண்ணிக்கையை மாற்றிப் பார்க்கவும் ஏலாது.

குடம் செய்வதற்கு லேத்துக்காரரிடம் போகும்போது மூன்று அளவு தேவை. அச்சின் விட்டம். ஸ்புரொக்கட்டின் நடு ஓட்டையின் விட்டம். போல்ற் ஓட்டைகள் நிற்கும் வட்டத்தின் விட்டம். கடைசியை எடுக்க ஒரு சுகமான வழி இருக்கு. எதிரெதிரே நிற்கும் இரண்டு ஓட்டைகளின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கும், வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கும் வேணியர் இடுக்கிமானியால் அளந்து, கூட்டி, இரண்டால் வகுங்கள். 25 மி.மீ. அச்சுக்குக் கீவே 8 மி.மீ. அகலம் என்பது நியமம். ஸ்புரொக்கட்டை நடுவாகப் பிடிப்பது போல்ற் இல்லை, நடு ஓட்டைக்குள் இறுக்கமாக உட்காரும் தோள். இதை லேத்துக்காரருக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை, அவர் உங்களுக்குச் சொல்லித் தருவார்.

அப்படியும் கடையில் இல்லாத பல்லு எண்ணிக்கைதான் வேண்டும் என்றால், வெட்டலாம். மில்லிங் மிசினும் பிரிக்கும் தலையும் இருக்கிற பட்டறை வேண்டும். பிரிக்கும் தலையில் கைப்பிடியை 40 தரம் சுற்றினால் தகடு ஒரு முழுச் சுற்று வரும். 42 பல்லுக்கு ஒவ்வொரு பல்லுக்கும் 42இல் 40 பங்கு சுற்ற வேண்டும். 21 ஓட்டை உள்ள வட்டத்தில் 20 ஓட்டை தள்ளி நிறுத்தினால் கணக்குச் சரி. ஏழாம் வகுப்புப் பின்னம்தான். அதை இரும்பில் பார்க்கும்போது வருகிற சந்தோசம் பரீட்சைத் தாளில் வராது.

கூலியைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்

இந்தக் கட்டுரையில் எங்களுக்கு உண்மையில் உறைக்கிற இடம் இது.

அந்தக் குடத்துக்கு லேத்துக்காரர் ஒரு விலை சொன்னால், “என்ன ஐயா, ஒரு இரும்புத் துண்டுக்கு இவ்வளவோ?” என்று பேரம் பேசுகிறோம். அதே நாங்கள், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் பொதிக் கூலியும் வரியும் வாய் பேசாமல் கட்டுகிறோம். பெட்டியில் வருவதற்கு விலை உண்டு, கண்ணுக்கு முன்னால் ஒரு மனுசர் நின்று செய்வதற்கு விலை இல்லை என்று நினைக்கிற பழக்கம் எங்களுக்குள் வந்துவிட்டது.

இந்த மனுசர்கள் யார்? 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின், எரிபொருள், பற்றறி, சீமெந்து என்று எத்தனையோ சாமான்களுக்கு வடக்கில் தடை. மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, அதனால் கொஞ்சப் பெற்றோலில் தொடக்கி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் வண்டிகளை ஓட வைத்த கராச்காரரும் லேத்துக்காரரும் இன்று வயதுபோனவர்கள்.

அந்தக் காலத்தைக் கொண்டாட நாங்கள் வரவில்லை. அது பட்டினியும் புகையும் இடப்பெயர்வும் நிறைந்த காலம். “நாங்கள் தடைக்குள்ளேயே எல்லாம் செய்தனாங்கள்” என்ற பெருமைக் கதையைக் கேட்டுக் கேட்டு எங்களில் பலருக்குச் சலிப்பும் வந்துவிட்டது. ஆனால் கதையைச் சலித்துக்கொண்டு கைவேலையையும் சேர்த்து விட்டுவிட்டோம். 2002இல் ஏ9 பாதை திறந்தது, 2006இல் மூடியது, போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. பாதை திறந்தவுடன் சாமான் வந்தது. சாமான் வந்தவுடன், செய்யத் தெரிந்தவர்களிடம் போவது குறைந்தது. அவர்கள் தங்களுடைய அளவுகளை எழுதி வைக்கவில்லை. அவர்களிடம் பழக வந்த பெடியளும் குறைவு. ஒரு பட்டறை பூட்டுப்படும்போது போவது ஒரு மிசின் மட்டுமில்லை.

பாதை எப்பவும் திறந்திருக்கும் என்பதும் நிச்சயமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். 2022இல் ரூபாய் விழுந்தபோது உதிரிப்பாக விலை எப்படி ஏறியது, பெற்றோலுக்குக் கியூஆர் கோட்டோடு எப்படி வரிசையில் நின்றோம் என்பதை மறக்க அவ்வளவு காலமாகவில்லை. தூசி தட்டிச் சைக்கிளை வெளியே எடுத்தவர்கள் அதற்கு ஒரு பிறீவீலுக்கும் ரியூப்புக்கும் அலைந்தார்கள். அப்போது எல்லாருக்கும் திடீரென்று திருத்துகிறவரின் அருமை தெரிந்தது. வரிசை குறைந்ததும் மறந்துவிட்டோம்.

“ஓடர் பண்ணினா முடிஞ்சுது தானே?”

இதைத்தான் பலர் கேட்பார்கள். கனடாவில் மாமா இருக்கிறார், வரும்போது பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வருவார், பிறகென்ன லேத்தும் கீத்தும்?

கேள்வியில் நியாயம் இருக்கு. எல்லாவற்றையும் உள்ளூரிலேயே செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பெயாரிங்கை யாரும் பட்டறையில் செய்யப் போவதில்லை, செயினையும்தான். இந்தியாவில் செய்த ஸ்புரொக்கட்டும் இறக்குமதிதான். நாங்கள் கேட்பது ஒன்று: திரும்பவும் வாங்க ஏலுமோ? செயினும் ஸ்புரொக்கட்டும் தேய்கிற சாமான்கள். பல்லு அரிவாள் மாதிரி ஒரு பக்கம் வளையத் தொடங்கினால் மாற்றியே ஆக வேண்டும். மாமா இந்த வருசம் கொண்டு வந்த 219 சில்லு அடுத்த வருசம் தேய்ந்தால், அடுத்த மாமா வரும் வரை வண்டி நிற்கும். 428 என்றால் மத்தியானம் வாங்கிப் பின்னேரம் பூட்டலாம். ஒரு வண்டியின் வடிவமைப்பில் அதைத் திருத்துகிற ஊரும் அடக்கம்.

இன்னொரு கேள்வியும் வரும்: இந்தக் கார்ட் யாருக்கு, எதுக்கு? வீதியில் ஓட ஏலாது. பதிவு இல்லாத, காப்புறுதி இல்லாத வண்டியைப் பொது வீதியில் ஓட்டுவது சட்டப்படி குற்றம், அது சரியும்கூட. அனுமதி எடுத்த மைதானம், வீட்டு வளவு, அவ்வளவுதான். செயினுக்கு மேல் இரும்புத் தகட்டு மூடி, எட்டும் இடத்தில் எஞ்சினை நிறுத்தும் சுவிச், தலைக்கவசம் இல்லாமல் ஒருத்தரும் ஏறக்கூடாது. ஓடுகிற செயினுக்கும் விரலுக்கும் இடையில் நடக்கிற போட்டியில் விரல் ஒருநாளும் வென்றதில்லை.

எதுக்கு என்பதற்கு எங்கட பதில்: உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. பற்சில்லு விகிதம், முறுக்குவிசை, வேகம் எல்லாம் பாடத்தில் இருக்கு. கடந்தகால வினாத்தாள் செய்து ஏ எடுக்கிற பிள்ளை, ஒரு ஸ்புரொக்கட்டைக் கையில் தூக்கிப் பார்க்காமலே பள்ளிக்கூடத்தை விட்டுப் போகலாம். கார்ட் என்பது அந்தப் பாடம் முழுவதையும் ஓட்டிப் பார்க்கக்கூடிய மலிவான வழி. பெட்டையளும் அந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். அவர்கள் பட்டறைக்குள் வந்து அளவு கேட்டால் விறைத்துப் பார்க்கிற பழக்கத்தையும் அப்படியே முடித்துக்கொள்ளலாம்.

எங்கட கோரிக்கை

பெரிதாக ஒன்றும் இல்லை.

கட்டத் தொடங்குகிறவர்களுக்கு: சட்டத்தை முதலில் வெல்டிங் பண்ணாதேயுங்கள். முதலில் ஸ்புரொக்கட், செயின், ரயர். இவற்றை மேசையில் வைத்து அளந்து, பிறகு சட்டத்தை வரையுங்கள். அளந்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எந்த மோட்டார் சைக்கிள், எத்தனை பல்லு, நடு ஓட்டை, போல்ற் வட்டம், எந்தக் கடைத்தெரு, என்ன விலை. நாங்கள் அப்படி ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொருவரும் பத்து அளவு சேர்த்தால், அடுத்து வருகிற பிள்ளை “கார்ட்டுக்கு இருக்கோ?” என்று கேட்டுத் தலைகுனிந்து திரும்ப வேண்டியிருக்காது.

லேத் வைத்திருக்கிறவர்களுக்கு: நாங்கள் வந்து நின்று பார்த்தால் துரத்தாதேயுங்கோ ஐயா. சொன்ன கூலியைத் தருவோம்.

பழைய மாணவர் சங்கங்களுக்கு: வாசலுக்கு வளைவு கட்டுகிறீர்கள், நல்லது. அடுத்த முறை காசு சேர்க்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்ன லேத்தும், ஒரு துளையிடும் மிசினும், ஐந்து வேணியர் இடுக்கிமானியும் வாங்கிக் கொடுங்கள். அதைவிட முக்கியம், அதைப் பூட்டி வைக்காத ஒரு ஆசிரியரையும், கிழமையில் ஒருநாள் வந்து சொல்லித்தர ஓய்வுபெற்ற ஒரு லேத்துக்காரரையும் கூலி கொடுத்து அமர்த்துங்கள்.

“இஞ்ச ஒண்டும் கிடைக்காது” என்பது எங்கட தலைமுறையில் அதிகம் பேர் சொல்கிற வசனம். வெளிநாடு போகிறவர்களும் அதைச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். வேலை, சம்பளம், நிம்மதி என்று சில விசயங்களில் அது உண்மை, அதற்கு எங்களிடம் லேசான பதில் இல்லை. ஆனால் ஸ்புரொக்கட் விசயத்தில் அது உண்மையில்லை. கடைக்குப் போகும்போது பல்லு எண்ணிக்கையையும் செயின் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள்.